இன்ஸ்பெக்டர் பாதுரி எழுதாமல் விட்ட மீன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பசியில் பிறந்தது. கல்கத்தாவில் நெடுநாள் இருந்தவனுக்கு மழை பிடித்தால் இலிஷ் மீன் நினைவு வராமல் போகாது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அமாவாசை இருட்டில் மித்தர் வீட்டுச் சுவரேறி ஓர் உருவம்...’

வேண்டாம். திருட்டு நடந்தது பட்டப்பகலில்.

2

துப்பறியும் இன்ஸ்பெக்டர் அகோர்நாத் பாதுரி, வெள்ளைக்காரத் துரையிடம் சம்பளம் வாங்கித் திருடனைப் பிடிப்பார். பிடித்த கையோடு அதையே கதையாக்கி மாதாமாதம் அச்சேற்றுவார். மித்தர் வீட்டு நகைத் திருட்டில் ஒன்றுமறியாத வேலைக்காரன் ஜெயிலுக்குப் போக இருந்தான். இளம் விதவையான மருமகள் நிஸ்தாரிணிக்கு மனசு கேட்கவில்லை. நகையோடு நழுவியது வீட்டோடு மாப்பிள்ளை என்று போட்டு உடைத்தாள். வீடே உறங்கிய மதியத்தில், பின்கட்டு அடுப்படியிலிருந்து பார்த்தாளாம். மாப்பிள்ளை அகப்பட்ட அமளியில், அவளுக்கு அங்கே என்ன வேலை என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பாதுரி மட்டும் தனியாகக் கேட்டார். இலிஷ் மீன் தின்றுகொண்டிருந்தாள்.*

(விதவை மீனைத் தொட்டால் அந்த வீட்டில்... அவளே சொல்லட்டும்.)

“தரோகா பாபு, கதையில எழுதிடாதீங்க! எங்க மாமியாரு உங்க கதைய ஒண்ணு விடாம படிக்கச் சொல்லிக் கேக்கறவங்க. மறுநாளே என்னைக் காசிக்கு ரயிலேத்திடுவாங்க. அப்புறம் சாகறவரைக்கும் அங்கதான்.”

* யார் வாங்கித் தந்தது என்று பாதுரி கேட்கவில்லை. போலீஸ்காரருக்கும் நாகரிகம் உண்டு.

3

‘அவள் அடுப்படியில் ஜபம் செய்துகொண்டிருந்தாள்’ என்று பாதுரி எழுதினார். மனைவி மோட்சதா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏங்க, சாமி ரூம் இருக்க, அடுப்படியில என்ன ஜபம்? மாமியாருங்க மூக்கு போலீஸ் மூக்கவிடக் கூர்மை, தெரியுமில்ல?”

“அப்ப நீயே சொல்லேன்.”

“பூனைய விரட்டப் போனாள்னு எழுதுங்க.”

“பூனை எதுக்கு வந்துச்சுன்னு கேப்பாங்களேடி!”

4

ஒரு முடிவு: கதையைக் கிழித்துப் போடுவது. ஆனால் அச்சகத்து ஆள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்று: அவளையே எடுத்துவிட்டு, எல்லாம் தன் மூளையால் கண்டுபிடித்ததாக எழுதுவது. பாதுரி அதைத்தான் செய்தார். ஊரெல்லாம் சபாஷ் போட்டது. அவர் முகம் மட்டும் விழுந்துபோயிற்று.

எனக்கோ ஆத்திரம் வந்தது. ஒருவனைக் காப்பாற்றத் தன் வாழ்வையே பணயம் வைத்தவள், கதையில் ஒரு வரிக்குக்கூட ஆகாதவளா? அதனால் அவளைத் திரும்ப எழுதினேன், மீனோடு.

5

இப்போதுதான் உறைக்கிறது. அந்த மனுஷன் பொய்ப் புகழைச் சுமந்துகொண்டு மூடிவைத்ததை, நான் நியாயம் பேசித் திறந்துவிட்டேன். இனி நான் இல்லையென்று மறுத்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். மிச்சம் இருக்கும் சாட்சி நீங்கள்தான். இதோ, இந்தக் கதையையும் விடாமல் கேட்ட மாமியார் உங்கள் பக்கம் திரும்பிவிட்டாள்.

“நீயாவது சொல்லு. என் மருமக அங்க என்ன பண்ணிட்டிருந்தா?”