ராணிக் கத்தாழை

பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டிய பஸ் தேனிக்கு வந்து சேர்வதற்குள் மூன்று இடத்தில் படுத்துவிட்டது. படுத்த இடத்திலெல்லாம் ஆம்பளைகள் இறங்கித் தள்ளினார்கள். சுருளியாண்டியும் தள்ளினான். முந்தின நாளும் இதே பஸ்ஸைத் தள்ளிக்கொண்டுதான் வந்தான். அப்போது காலில் தெம்பு இருந்தது. இன்றைக்குத் தள்ளத் தள்ளக் கால் பின்னாலேயே இழுத்தது.

போடி ரோட்டில் இறங்கி, ரயில் ஓடிய மேட்டோடு நடந்தான். சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஓரத்தில் வேலியாக வைத்த ஆனைக்கத்தாழை மட்டும் வராத ரயிலுக்குக் காவல் நின்றது. அந்த வேலி முடிகிற இடத்தில்தான் கிருபாவதியம்மாளின் தோட்டம். போடி ஏலக்காய் வியாபாரி வீட்டு அம்மாள். ஊரெல்லாம் கள்ளியை வெட்டி எரிக்கிறான், இந்த அம்மா தொட்டி வைத்துப் பால் குடுக்காத குறையாக வளர்க்கிறாளே என்று தேனிக் கடைவீதியில் சிரிப்பார்கள். ஆனால் மலைமேல் எஸ்டேட் பங்களாக்களிலிருந்தும் கொடைக்கானல் துரைமாரிடமிருந்தும் அவளுக்குக் காயிதம் வந்துகொண்டே இருந்தது. கூழாங்கல் மாதிரி கிடக்கிற செடி, நரைத்த தலைமுடி மாதிரி மயிர் முளைத்த கள்ளி, தொட்டால் பொடி உதிர்கிற நீலக் கத்தாழை என்று வேறெங்கும் கிடைக்காததெல்லாம் அங்கே கிடைக்கும்.

அம்மாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அடுப்புக்கரி எடுக்கிற இடுக்கியால் ஒரு முள்ளுருண்டையைத் தூக்கித் தொட்டி மாற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் இடுக்கி அந்தரத்தில் நின்றது.

“ஏலே, நேத்துத்தான போன? வழியில போட்டு ஒடச்சிட்டியா?”

“இல்லம்மா.”

“தொலச்சிட்டியா?”

“இல்லம்மா. இருக்கு.”

“எங்கன இருக்கு?”

“குச்சனூர்ல. எங்க அக்கா வீட்டுல.”

“பெறகென்ன? அங்கன இருக்கிற செடிய எடுத்துட்டு மலையேறாம, இங்கன வந்து எதுக்கு முழிக்கிற?”

சுருளியாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். கரிதான் முகமெல்லாம் ஈஷியது.

“அதே மாதிரி இன்னொண்ணு வேணும்மா.”

அம்மாள் முள்ளுருண்டையைத் தொட்டியில் இறக்கி, மணலை அணைத்து, நிதானமாக நிமிர்ந்தாள். “அதே மாதிரியா? பொரிகடலைன்னு நெனச்சியா, இன்னும் ஒரு படி போடுங்கன்னு வந்து நிக்க? வா இங்கன.”

அவனைத் தோட்டத்துக் கோடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு கத்தாழை இலையெல்லாம் சுருண்டு மஞ்சளித்துக் கிடந்தது. நடுவிலிருந்து இரண்டாள் உயரத்துக்கு ஒரு கம்பு கிளம்பி, நுனியில் பூ முடிந்து காய்ந்து நின்றது.

“இதுதான் தாயி. சீவிச்சிருக்கிற காலத்துல ஒருக்கத்தான் பூக்கும், பூத்தா செத்துப்போகும். சண்டைக்கு முந்தி கப்பல்ல வந்த வெதை. இப்பக் கப்பலும் வரல, வெதையும் வரல. பக்கத்துல மூணே மூணு கன்னு விட்டுச்சு. ஒண்ணு கொடைக்கானல் போயிருச்சு. ஒண்ணு ஒங்க எஸ்டேட் துரைசானிக்கு. மிச்சம் ஒண்ணு என்னோடது, உசுர வச்சுக் கேட்டாலும் தரமாட்டேன். இப்பச் சொல்லு. அக்கா வீட்டுல என்ன செஞ்சீக அத?”

சுருளியாண்டிக்கு எங்கிருந்து ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

எஸ்டேட்டில் இரண்டு வருஷம் பெரட்டில், கூலியாள் கணக்கெடுக்கிற வரிசையில், நின்றவன் அவன். விடியுமுன் பேர் கொடுத்து, மழையில் நனைந்து, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, மாசம் ஒருதரம் மலைக்காய்ச்சலில் விழுந்து எழுந்தவன். இந்தச் சித்திரையில்தான் கங்காணி கையைக் காலைப் பிடித்துப் பங்களாத் தோட்ட வேலைக்கு வந்தான். அவனுக்கு முன்னால் இருந்தவன் ஒரு ரோஜாத் தொட்டியை உடைத்தான். மறுநாளே பெரட்டுக்குப் போய்விட்டான். துரைசானி நாலு மாசமாக இந்தக் கத்தாழைக்காகக் காத்திருந்தாள். நாளை மத்தியானத்துக்குள் செடியோடு வந்து நிற்கவேண்டும் என்று அனுப்பியிருந்தாள்.

வாங்கிக்கொண்டு நேரே மேலே போயிருந்தால் ஒன்றுமில்லை. அக்கா மொக்கம்மாளைப் பார்த்து ஒரு வருஷத்துக்குமேல் ஆகிவிட்டதே என்று சின்னமனூரில் இறங்கிக் குச்சனூருக்கு நடந்தான். அவளுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது பிள்ளை பிறந்து எட்டு மாசம். தாய்மாமன் என்று பேர்தான். பேர் வைக்கிற அன்றைக்கும் அவன் வரவில்லை, ஒரு சட்டைத்துணி கூட அனுப்பவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு அடிக்கிறது, கண்ணேறுதான், தாய்மாமன் கையால் ஒரு கத்தாழை வந்து வாசலில் தொங்கினால் விலகும் என்று எதிர்வீட்டு இருளம்மாள் சொல்லியிருந்தாளாம். ஆள் மூலமாக அக்கா அதைச் சொல்லியும் விட்டிருந்தாள். அவன் மறந்தே போனான்.

அவன் சாக்குச் சுருளோடு வாசலில் ஏறியதும் அக்கா பிரித்துப் பார்த்தாள். “எனக்காடா கொண்டாந்த?” என்றாள். இருளம்மாளும் அங்கே நின்றாள். அவனுக்குப் பசி, அசதி. வாயில் சோறு. “ம்” என்று சொல்லிவிட்டான். காலையில் விளக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தான். கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. கத்தாழை, வேரில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நிலைப்படிக்கு மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தெருவில் பாதிப்பேர் வந்து மாமன் சீரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

தட்டுத்தடுமாறி ஒருவழியாக இதைச் சொல்லி முடித்தான். கிருபாவதியம்மாள் திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சத்தத்தையே காணோம். நிமிர்ந்து பார்த்தால், அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

“அடப்பாவி! அது பேரு என்னன்னு தெரியுமா ஒனக்கு? விக்டோரியா மகாராணி பேரு வச்ச கத்தாழைடா. மகாராணியவா மஞ்சப் பூசித் தலைகீழாக் கட்டித் தொங்கவிட்டீக? வெளிய சொல்லிராத. வெள்ளைக்காரன எதுத்துத் தபாலாபீசக் கொளுத்துனவனோட சேத்து ஒன்னையும் உள்ள போட்டுருவாக!”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அதைப் பார்த்ததும் அம்மாள் சிரிப்பை நிறுத்தினாள்.

“வேர அறுத்தாகளா?”

“அறுக்கலம்மா. கழுவித்தான் கட்டியிருக்கு.”

“அப்ப ஒண்ணும் ஆகாது. இதுக ஆறு மாசம் அந்தரத்துல தொங்குனாலும் சாகாதுக. தண்ணி ஊத்தித்தான் இதுகளக் கொல்ல முடியும். போயி அவுத்து எடுத்துட்டுப் போ.”

“அக்காகிட்ட எப்படிம்மா கேக்க?”

“வாயாலதான். எங்கிட்டச் சொன்னயில்ல? கூடப் பொறந்தவகிட்டச் சொல்ல முடியலையா?”

“நீங்க அடுத்தவுக. நாளைக்கு ஒங்கள நான் பாக்கப் போறதில்ல.”

அம்மாள் வேலிப் பக்கம் கையைக் காட்டினாள். “அங்கன ஆனைக்கத்தாழைக் கன்னு கெடக்கு. வேண்டியத நோண்டிக்க. ஒங்கக்கா வாசல்ல அதக் கட்டிட்டு ராணிய எறக்கு. திருஷ்டி கழிக்கிறதுல எனக்கு நம்பிக்கை கெடையாது. ஆனா கழிக்கணும்னா, சீமைக் கத்தாழையவிட நாட்டுல நிக்கிற கத்தாழைதான் நல்லாக் கழிக்கும்.”

அவன் சின்னதாக ஒன்றைத் தொட்டான். கையை எடுத்துவிட்டான். சுற்றிச் சுற்றி வந்து, இலை ஒடியாத, முள்ளெல்லாம் கருகருவென்று நிற்கிற ஒன்றைப் பார்த்து உட்கார்ந்தான். ராணியைப்போல நாலு மடங்கு இருந்தது. கடப்பாரையை வாங்கி, வேர் அறாமல் நோண்டி எடுப்பதற்குள் முன்னங்கையில் நாலு இடத்தில் கீறிவிட்டது.

“சின்னதா எடுத்தா தூக்க லேசு” என்றாள் அம்மாள்.

“இருக்கட்டும்மா.”

சின்னமனூர் வரைக்கும் பஸ். அது இரண்டு தரம் படுத்தது. அங்கிருந்து குச்சனூருக்கு நடை. சனீஸ்வரன் கோயிலுக்கு எள்ளும் எண்ணெயுமாகப் போகிற கூட்டத்தோடு, தோளில் கத்தாழையை வைத்துக்கொண்டு நடந்தான். ஒவ்வொரு எட்டுக்கும் முள் கழுத்தில் குத்தியது. தோள் மாற்றினால் அந்தப் பக்கம் குத்தியது. அக்காவிடம் சொல்லவேண்டியதை வழியெல்லாம் கோத்துப் பார்த்தான். கோத்தது எதுவும் தெரு முக்கு வரைக்கும் நிற்கவில்லை.

வீட்டில் அக்கா இல்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்வாசலில் இருளம்மாள் உட்கார்ந்திருந்தாள். “ஆத்துக்குத் துவைக்கப் போயிருக்கா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இதை விட்டால் வேறு நேரம் கிடையாது. உரலை உருட்டி வாசலில் கவிழ்த்து மேலே ஏறினான். முடிச்சு ஈரக்கயிற்றில் இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்தான். ராணி கழன்று அவன் நெஞ்சில் விழுந்தபோது, பின்னால் ஈரத்துணி மூட்டையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“எறங்கு” என்றாள் மொக்கம்மாள்.

இறங்கினான். ஒரு கையில் ராணி. காலடியில் ஆனைக்கத்தாழை.

“அக்கா, இது வந்து, துரைசானி…”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“வாசல்ல கட்டுற கத்தாழைய எவன்டா சாக்குல சுத்திக் கோணி ஊசி போட்டுத் தைப்பான்? பிரிக்கையிலேயே தெரியும், இது எவளுக்கோ போறதுன்னு. அதான் கேட்டேன், எனக்காடான்னு. நீ ம்முன்ன.” அவள் மூட்டையைப் பிரித்துத் துணியை உதறினாள். “இருளம்மா வேற நின்னா. ஒம் மாமன் கொண்டாந்துட்டான்னு பிள்ள காதுல சொன்னேன். சரி, பொய்யின்னாலும் இருக்கட்டும்னு கட்டுனேன்.”

“இது இல்லாம மேல போனா வேலை போயிரும்க்கா. மறுபடி பெரட்டுக்குத்தான் போகணும். இன்னும் ஒரு காய்ச்சல் வந்தா…”

“அத நேத்தே சொல்றதுக்கென்ன? நான் என்ன கட்டிப்புடிச்சு அழுகவா போறேன், குடுக்கமாட்டேன்னு?”

அவள் கிழக்கே திரும்பி நின்று கொடியில் துணி போட்டாள். ஒவ்வொரு துணியையும் இரண்டு தரம் உதறினாள். பிறகு வந்து குனிந்து ஆனைக்கத்தாழையைப் புரட்டிப் பார்த்தாள்.

“இது எங்கன புடுங்குனது? ரயில் வேலியிலயா?”

“தோட்டத்து வேலியில. அந்தம்மா குடுத்தாக.”

“அவுக எடுத்துக் குடுத்தாகளா, நீயா எடுத்தியா?”

“நாந்தான் நோண்டுனேன்.”

“இது யாருக்கு?”

“ஒனக்குக்கா. பிள்ளைக்கு.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கழுத்தில் முள் கீறிய இடத்தையும் முன்னங்கையில் ரத்தம் காய்ந்திருந்ததையும் பார்த்தாள். உள்ளே போய் மஞ்சளும் ஒரு செம்பு தண்ணீரும் கொண்டுவந்தாள். அவன் கையிலிருந்த ராணியை வாங்கி, வேரில் தண்ணீரை ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எவ்வளவு தேய்த்தும் அடியில் கொஞ்சம் மஞ்சள் நின்றது.

“துரைசானி கேட்டா மருந்துன்னு சொல்லு” என்று சாக்கில் சுற்றி ஓரத்தில் வைத்தாள். மஞ்சளை அவனிடம் நீட்டினாள். “பூசு. நீயே ஏறிக் கட்டு. மொதல்ல கட்டுனது நான். மாமன் கை படல.”

அவன் பூசினான். பெரிய கத்தாழை, தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டுவதற்குள் தோள் விட்டுப்போயிற்று. கீழே நின்று அவள் உரலைப் பிடித்துக்கொண்டாள். கட்டி முடித்து இறங்கியதும் அந்த உரல்மேலேயே உட்கார்ந்துவிட்டான். ஐந்து நிமிஷம் படுத்தால் தேவலை போலிருந்தது.

“ஒக்காராத. கம்பத்து பஸ் போயிரும். கஞ்சி இருக்கு, நின்னுக்கிட்டே குடிச்சிட்டுக் கெளம்பு.”

குடித்துவிட்டு, சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசலில் குனிந்து வெளியே வந்தான். தெருவில் இறங்கி நாலு எட்டு வைத்திருப்பான். இருளம்மாள் பிள்ளையைக் கொண்டுவந்து கொடுக்கிற சத்தம் பின்னால் கேட்டது.

“ஏ மொக்கு, காலையில பாக்கையில உள்ளங்கை அகலந்தான இருந்துச்சு? இப்ப என்னடி வாசலையே அடைக்குது?”

சுருளியாண்டி நின்றுவிட்டான். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“மாமன் சீருல்ல, அக்கா” என்றாள் மொக்கம்மாள். “வளரத்தான் செய்யும்.”