பிரின்ஸிமேல் படிந்த பச்சை

தரங்கம்பாடியில் விண்ணரசியின் மகள் பிரின்ஸிக்கு ஆறு வயதில், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களின் மூன்றாம் வாரம், தோளிலிருந்து விரல்நுனி வரை இரண்டு கைகளிலும் பீங்கான் போலப் பச்சை மெருகேறியது. வகுப்பாசிரியை மை என்று நினைத்துக் கழுவிப் பார்த்தார். தண்ணீர் ஒட்டாமல் வழிந்தது. நகத்தால் தட்டினால் கிண்ணென்றது.

காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. விண்ணரசி புதுச்சேரியில் மூன்று மாதம் பயின்று வந்து, வீட்டிலேயே மண்கோப்பைகள் செய்து விற்றாள். அவற்றின்மேல் பளபளப்புக்குப் பூசும் கிளேஸை அடுப்படி மேசையில்தான் கலப்பாள். படிகக்கல் தூள், தாமிரத் தூள், இன்னும் இரண்டு மூன்று பொடிகள். மூட்டைகளில் எச்சரிக்கை அச்சடித்திருந்தது, அவள் படித்துமிருந்தாள். அதனால் மாஸ்க் கட்டிக்கொண்டுதான் சலித்தாள். மேசைக்கு அடியில் பொம்மைகளுக்குச் சோறாக்கி விளையாடிய குழந்தையின்மேல் நான்கு வருடமாக அந்தத் தூசி இறங்கியதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்கி, படிந்ததையும் கிளப்பிவிடுவாள்.

காரைக்காலில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் அவள் கணவன் எல்வின் அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்து, மகளின் கையைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"நீ மட்டும் மாஸ்க் போட்டுக்கிட்டியா, அரசி?"

பிறகு ஒருநாளும் அவன் அதைக் கேட்கவில்லை. அவள் காதில்தான் தினமும் விழுந்தது.

டாக்டர் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்து, நுரையீரல் இதுவரை தப்பியிருக்கிறது, இனி ஒரு சிட்டிகைத் தூசியும் ஆகாது என்றார். மெருகுக்கு மருந்து எழுதவில்லை. விண்ணரசி பொடிகளைக் கொல்லைக் கொட்டகைக்கு மாற்றிக் கதவு போட்டாள். பொடியை நனைத்தே கலந்தாள், ஈரத்துணியால் துடைத்தாள், குளித்து உடை மாற்றிய பிறகே மகளைத் தொட்டாள். பச்சை அதற்குமேல் பரவவில்லை. போகவும் இல்லை.

ஆனால் குழந்தை வளருமே. மண் ஒரு அளவும் மெருகு ஒரு அளவுமாக விரிந்தால் கலம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஏழாவது பிறந்தநாளுக்கு முந்தின வாரம் பிரின்ஸியின் முழங்கையில் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்தது. உலை கொதித்து வழிவதைக்கூடக் கவனிக்காமல் விண்ணரசி அதையே பார்த்திருந்தாள்.

"வலிக்குதா பாப்பா?"

"இல்லம்மா. இப்பத்தான் கை நல்லா நீளுது."

ஒன்று பலவாகி, மீன்வலை போல இரண்டு கைகளிலும் கோடுகள் ஓடின. பிரின்ஸிக்கு இப்போது பத்து வயது. வகுப்பில் உயரத்தில் இரண்டாவது. ஒவ்வொரு கோடு விழும்போதும் விண்ணரசி வலிக்கிறதா என்று கேட்கத்தான் செய்கிறாள். பள்ளி திறக்குமுன் சீருடைக்கு அளவெடுக்கும் ஜெகபர் அலி, புதுக் கோடுகளை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். "இந்த வருஷம் கைய ஒரு இஞ்சு கூட வச்சுத் தைக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டுகிறார்.