பாதிக் குளிசை

இறந்துபோன அண்ணன் செல்லச்சாமியின் சட்டையில் மேல் பொத்தானை அழகமுத்து கழற்றிவிட்டான். வாசலில் பலகை போட்டாயிற்று. லயத்து வரிசை வீட்டு ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

"சட்டையக் கழட்டாதீங்க தம்பி," என்றாள் இரத்தினம்மா.

"குளிப்பாட்டணுமே மதினி."

"உள்ள வச்சுக் குளிப்பாட்டுவோம். நீங்களும் நானும் போதும்."

வாசலில் குளிப்பாட்டுவதுதான் ஹேவாஹெட்டத் தோட்டத்து வழக்கம். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு யாரும் மறுத்துப் பேசவில்லை. அண்ணனைக் காம்பராவுக்குள் தூக்கிப்போனார்கள். அவள் கதவைச் சாத்தினாள்.

சட்டையை நீக்கியதும் அழகமுத்துவின் கை நின்றது. பெண்பிள்ளைக்கு வளர்வதுபோல் அண்ணனின் மார்பு வீங்கியிருந்தது.

"புற்றுநோய்க்குக் குடுத்த குளிசை, தம்பி. அதால வந்தது."

"எங்கிட்டக்கூட சொல்லலையே."

"யாருக்கிட்டயும் சொல்லல."

செல்லச்சாமி தேயிலை ஃபெக்டரியில் முப்பது வருடம் வேலை செய்தவர். விடியுமுன் எல்லோரோடும் பீலித் தண்ணீரில் குளித்தவர், இரண்டு வருடமாக அடுப்படி மூலையில் கதவடைத்துக் குளித்தார். மலைக்குளிரிலும் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்தது. கண்டி கிளினிக்கில் சுவரைப் பார்த்தபடி ஒருநாள் அதைச் சொன்னார். டொக்டர் குளிசையைப் பாதியாகக் குறைத்தார். மூன்று மாதத்தில் இரத்தப் பரிசோதனையில் நோயின் அளவு ஏறியிருந்தது. "திரும்ப முழுசா போடணும், ஐயா," என்றார் டொக்டர்.

மறுநாள் காலை இரத்தினம்மா நீட்டிய குளிசையை அவர் வாங்கி இரண்டாக உடைத்தார்.

"பாதி போதும் புள்ள. நம்ம புஷ்பத்துக்கிட்டச் சொல்லாத."

மற்றப் பாதியை அவள் அடுப்பில் போட்டாள். அன்று மட்டுமல்ல, ஐந்து மாதம், தினமும். வியர்வை தணிந்தது. ஒரு மாலை அவர் சிரித்துப் பேசிக்கொண்டே இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அந்த நாட்களில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பிறகு இடுப்பெலும்பில் வலி தொடங்கியது. "மருந்து ஒழுங்கா குடுக்கிறீங்களா?" என்று டொக்டர் கேட்டபோது அவள் தலையாட்டினாள்.

அழகமுத்து குனிந்தபடியே தண்ணீர் ஊற்றினான். அவள் மஞ்சள் தேய்த்தாள். மார்பில் கையை அழுத்தாமல் தேய்த்தாள், அங்கே தொட்டாலே அவருக்கு வலிக்கும்.

கதவு திறந்தது. மகள் புஷ்பம் அப்பாவுக்கு உடுத்த வெள்ளைச் சட்டையோடு உள்ளே வந்தாள். அழுது வீங்கிய கண்கள் அப்பாவின் உடம்பில் ஒரு கணம் நின்று விலகின.

"டொக்டர் மருந்தைக் கூட்டித்தானேம்மா குடுத்தாரு? அப்புறம் எப்படி இவ்வளவு சீக்கிரம்..."

"கூட்டித்தான் குடுத்தாரு." இரத்தினம்மா துணியைப் பிழிந்தாள். "நான் பாதிதான் குடுத்தேன்."

புஷ்பம் அம்மாவையே பார்த்தாள். கதவைத் தன் முதுகால் தள்ளிச் சாத்தி, அதன் மேல் சாய்ந்து நின்றாள்.

அழகமுத்து அடுத்த வாளியை ஊற்றினான். மஞ்சள் நீர் கதவின் அடியால் கசிந்து வாசலுக்கு இறங்கியது. வெளியே காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமலே கால்களை நகர்த்தி அதற்கு வழி விட்டார்கள்.