ஒட்டும் முன் திருத்திய வரி

"வாத்தியாரே, உங்க பொண்ணு அனுப்பினது. அப்படியே போடச் சொல்லியிருக்கு." அச்சுக்கடை ஜெரார்தோ போனை நீட்டினார்.

எர்மீனியோ படித்தார். முந்தின நாள் இறந்த மனைவி பிலோமேனாவுக்காக ஊர்ச் சுவர்களில் ஒட்டப்போகும் தாள். பெயருக்குக் கீழே மகள் மிரெல்லா கேட்டிருந்த வரி: சாப்டியா தூங்கு நான் இருக்கேன்ல

"புள்ளி எங்க, கேள்விக்குறி எங்க? போன்ல தட்டித் தட்டியே இத்தாலிய மொழியக் கொன்னுட்டாங்க."

"சாவுத் தாளுக்கும் மார்க் போடப் போறீங்களா?"

முப்பத்தொரு வருஷம் இலக்கணம் நடத்திய கை சும்மா இருக்கவில்லை; வரியையே மாற்றி எழுதியது. 'நிம்மதியாக உறங்குக. உன் நினைவில் நாங்கள் இருக்கிறோம்.' காலையிலேயே பதினோரு சுவர்களில் ஒட்டியாயிற்று.

மிரெல்லா வடக்கே டுரின் நகரத்தில் இருக்கிறாள். அவள் அனுப்பும் செய்தியையெல்லாம் இவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். கரு கலைந்துவிட்டது என்று எழுதியபோதும் அப்படித்தான் செய்தார். அன்றோடு அவருக்கு எழுதுவதை நிறுத்திவிட்டாள். ஆறு வருஷம்.

மதியம், வீட்டில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பிலோமேனாவின் போனில் ஒரு செய்தி வந்தது. 'மா நாலு மணி பஸ்ல வரேன் பயமா இருக்கு'. செத்தவளுக்கு எழுதியிருந்தாள் மகள்.

எர்மீனியோ மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஆறு வருஷமாகத் தினமும் இரவில் பிலோமேனா மகளுக்கு அனுப்பியது ஒரே வரி. சாப்டியா தூங்கு நான் இருக்கேன்ல. கணவருக்கு எழுதிய கடிதங்களில் ஒரு காற்புள்ளிகூடத் தப்பவிடாதவள் அவள்.

போனும் கையுமாக அச்சுக்கடைக்கு ஓடினார். ஜெரார்தோ மதியத் தூக்கத்துக்குக் கடையைப் பூட்டியிருந்தார். பஸ் நிறுத்தத்துச் சுவரில் பசை காய்ந்து இறுகியிருந்தது. வீட்டுச் சாவியால் சுரண்டினார்.

"பாருடா, வாத்தியார் சொந்த வீட்டுத் தாளையே கிழிக்கிறாரு," என்றது காபிக்கடையிலிருந்து ஒரு குரல்.

பஸ் வந்தது. மிரெல்லா இறங்கி, சுவரில் மிச்சமிருந்ததைப் படித்தாள்.

"இதையும் திருத்திட்டியாப்பா?"

"வேற அடிக்கச் சொல்றேன். நீ எழுதினபடியே."

"நான் எழுதல. அம்மா எழுதினது."

"தெரியும். இப்பத்தான் பாத்தேன்."

அவர் கையிலிருந்த அம்மாவின் போனைக் கண்டதும் அவள் முகம் மாறியது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இத்தனை வருஷம் எங்க ரெண்டு பேருக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்."

அவர் மறுபடி சாவியைச் சுவரில் வைத்தார்.

"சுரண்டாத. அம்மா பேரும் சேந்து கிழியுது."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுத் தெருவில் ஏறினாள். அவர் பின்னால் போகவில்லை. நகக்கண்ணில் பசை ஒட்டியிருந்தது. இன்னும் பத்துச் சுவர்களில் அவர் திருத்திய வரி இருந்தது.