எதிர்ப்பு யாரும் சொல்லவில்லை

பள்ளிக்கூடத்தை மூடச் சம்மதம் என்று கல்வித்துறைக்கு எழுதுவதா வேண்டாமா என்பதுதான் அன்றைய பேச்சு. கூரலா ஊர் மண்டபத்தில் ஆட்டுப் பண்ணைக்காரர்கள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நெவில் டிராஸ்க் கடைசி வரிசையில் இருந்தான்.

அவன் மகள் வில்லாவுக்கும் அவனைப் போலவே திக்கும். இந்தப் பள்ளியில் அவளைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதில்லை. இதை மூடினால் அவள் போக வேண்டிய பெரிய ஊர்ப் பள்ளியில் தான் பட்டதை நெவில் மறக்கவில்லை.

"சம்மதிக்கிறவங்க?" என்றாள் கூட்டத் தலைவி ராஸ் ஹாடோ.

"சரி!" என்றன பல குரல்கள்.

"எதிர்க்கிறவங்க, 'இல்ல'ன்னு சொல்லுங்க."

நெவில் எழுந்தான். "இ..." அதற்குமேல் நாக்கு நகரவில்லை. காற்று மட்டும் வந்தது.

"யாருமில்ல. நிறைவேறிச்சு. கீத், 'ஒருமனதாக'ன்னு எழுதிக்கோ."

செயலாளர் கீத் பேனாவைக் கீழே வைத்தான். "அப்படி எழுதக் கூடாது ராஸ். நாலு பேர் வாயே திறக்கல. 'நெம் கான்'னு போடுவோம்."

"அது யாருடா, புதுசா வந்த கம்பளி வியாபாரியா?" என்றான் நெவிலுக்குப் பக்கத்தில் இருந்த பாரி. கூட்டம் சிரித்தது.

"லத்தீன்டா மடையா. எதிர்த்து யாரும் பேசலன்னு அர்த்தம்."

"ஆபீஸ்காரனுக்குப் புரியுமா? 'பரவலான ஒப்புதலோட'ன்னு போடு."

"பரவலானன்னா யாரோ ஒத்துக்கலன்னு ஆயிடும்."

"யாரு ஒத்துக்கல?" என்றாள் ராஸ்.

எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள். நெவில் நின்றுகொண்டுதான் இருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "இ... இ..."

பாரி அவன் முதுகில் தட்டினான். "உக்காருப்பா நெவ். டீ இப்ப வந்துடும்."

"சரி, 'நெம் கான்'தான்," என்றான் கீத். "நான் முன்மொழியறேன். வழிமொழிய ஒரு ஆள் வேணும்."

நெவில் அந்தச் சொல்லைக் கைவிட்டான். கையை உயர்த்தினான். எல்லோருக்கும் தெரியும்படி, நன்றாக உயர்த்தினான்.

"நெவில் வழிமொழியறாரு!" ராஸின் முகம் மலர்ந்தது. "ரொம்ப சந்தோஷம் நெவ்."

கைதட்டல் எழுந்தது. அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். நாற்காலிகள் நகரத் தொடங்கியிருந்தன.

"நெவ்," கீத் எழுதியபடியே குரல் கொடுத்தான், "டிராஸ்க்குக்கு இங்கிலீஷ்ல கடைசி எழுத்து சி-யா, கே-யா?"

நெவில் வாயைத் திறந்தான்.