உருண்டை மேற்கே போன நாள்

என் சகலையின் கூடத்துத் தரைக்கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே போவதை நான் கண்ணாடிச் சுவரில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தேன். அழுத்திய அழுத்தில் மூக்கு இன்றைக்கும் சப்பையாகத்தான் இருக்கிறது. முதல் கல் மஞ்சள் மேகத்துக்குள் நுழைந்தபோது எனக்குப் பத்து வயது குறைந்தது. கடைசிக் கல் போனபோது நான் பிறக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வானத்தில் மிதக்கிறது. கீழே தரை என்று ஒன்று உண்டாம். அதன் சூட்டில் ஈயம் குழம்பாக ஓடுமாம். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னவர் எவரும் இல்லை. இந்தக் கிரகத்தின் காற்று கனமானது. மனிதர் மூச்சு விடுகிற காற்று அதைவிட லேசு. ஆகவே பிரம்மாண்டமான ஒரு கண்ணாடிக் குமிழிக்குள் மூச்சுக் காற்றை அடைத்து, அதற்குள்ளேயே தெரு, வீடு, கடை, முடிதிருத்தகம் எல்லாம் கட்டிவிட்டார்கள். நாங்கள் விடும் மூச்சுதான் எங்களைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. வாழ்வதே காற்றை நம்பித்தான் என்பதால் இங்கே வெறும் வாய்ப்பேச்சுக்கும் நல்ல மரியாதை.

அந்த மரியாதையில் பெரும்பங்கு எனக்கு. ஓய்வு பெறும்வரை நான் மேகம் பார்ப்பவனாக இருந்தேன். உச்சிக் கூண்டில் உட்கார்ந்து, வெளியே தெரிவதை ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்ல வேண்டும். வெளியே தெரிவது மேகம். நேற்றும் மேகம், நாளைக்கும் மேகம். ஆயுள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தால் மனிதனுக்குப் புத்தி பேதலித்துவிடாதா? ஒரு மின்னல் அடித்தால் நான் மின்னல் கூட்டம் என்றேன். சின்னதாக ஒரு சுழல் தெரிந்தால், ஊரையே விழுங்க வாயைப் பிளந்துகொண்டு வருகிறது, குழந்தைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளுங்கள் என்றேன். நான் அளப்பது ஊருக்குத் தெரியும். எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துக் கேட்டுக்கொள்ளப் பழகியிருந்தார்கள்.

சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், நகர மேலாளர். எனக்குத் தெரிந்து அவர் தானாகச் சிரித்ததில்லை. எதிரில் இருப்பவர் பதவி பெரிதாக இருந்தால் மட்டும் பல் தெரியும்.

என் மனைவி கிழக்கு ஓரத்தில் ரொட்டிக்கடை வைத்திருந்தாள். செங்கல் சுவர் எழுப்பிய மின்சார அடுப்பு, ஆளையே உள்ளே நிறுத்தலாம். விடிகாலையில் அதன் கதவைத் திறந்தால் வருகிற வாசனையில் செத்தவன் எழுந்து வரிசையில் நிற்பான். குமிழிக்குள் வாசனை வெளியே போக வழியில்லை. ஊரே ரொட்டிக்குள் வசிப்பது போல இருக்கும்.

மிதக்கும் ஊருக்கு எடைதான் எமன். ஆகவே எங்களுக்குச் சமன் நாள் என்று ஒன்று உண்டு. நடுச்சதுக்கத்தில் ஒரு பெரிய பித்தளைத் தட்டை வைத்து, அதன் மையத்தில் ஓர் இரும்பு உருண்டையை விடுவார்கள். அது அசையாமல் நின்றால் எல்லாருக்கும் நிம்மதி. உருண்டால், அது உருண்ட பக்கத்தில் எந்தப் பொருள் மிகக் கனமோ அது கீழே போக வேண்டும். அப்பீல் கிடையாது. அப்படி மிச்சமாகும் எடை அளவுக்குப் புதிதாக எதையாவது வைத்துக்கொள்ளும் உரிமையை யார் முதலில் கை தூக்கிக் கேட்கிறாரோ அவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அந்தக் கற்கள் போனதற்கு முந்தைய சமன் நாளன்று காலையில் சகலைக்குத் திடீரென்று தாராள மனசு வந்தது. நகரத் தொழிலாளர் அத்தனை பேருக்கும் இனாம் ரொட்டி, எல்லாரும் எங்கள் கடையில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார். என் மனைவி பூரித்துப்போனாள். கடையிலும் வாசலிலும் தெருவிலும் கூட்டம் நெருக்கியடித்தது. ஒருவர் மூச்சு விட அடுத்தவர் மூச்சை அடக்க வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துச் சதுக்கத்தில் உருண்டையை விட்டார்கள். அது நேராகக் கிழக்கே போய்த் தட்டின் விளிம்பில் டங்கென்று முட்டியது.

என் மனைவி மாவு படிந்த கையோடு சதுக்கத்துக்கு ஓடினாள். கூட்டத்தால்தான் சாய்ந்தது, ஆட்கள் போனதும் இன்னொரு தடவை விட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினாள். சகலை கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"உருண்டை காரணமெல்லாம் கேக்காது அண்ணி."

அடுப்பு கீழே போயிற்று. கடைசிச் செங்கல் போவதற்குள் சகலையின் கை மேலே போயிற்று. அடுப்பின் எடையெல்லாம் மேற்கு ஓரத்தில் இருந்த அவர் வீட்டுக் கூடத்துக்குத் தரைக்கல்லாக வந்து சேர்ந்தது. வெள்ளைக் கல், முகம் பார்க்கலாம். மேற்கே கூடிய எடைக்கு ஈடாக ஊர்த் தண்ணீர்த் தொட்டிகளைக் கிழக்கே, எங்கள் தலைக்கு மேலேயே மாட்டிவிட்டார். அவர் காலுக்குக் கல், எங்கள் உச்சந்தலைக்குச் சொட்டு.

என் மனைவியின் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சாப்பாட்டு மேசை விரிப்பைப் பிசைவாள், தலையணையைப் பிசைவாள், தூக்கத்தில் என் தொப்பையைப் பிசைவாள். நான் இரண்டு சுற்று உப்பியது அதனால்தான். ஒருநாள் பிசைவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு அடுப்பு வேணும். அதுக்கு முன்னாடி அந்தக் கல்லு கீழ போகணும். வரிசை மாறக்கூடாது."

அவளைக் கட்டிக்கொண்டது வீண்போகவில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சமன் நாள் நெருங்கியபோது நான் முடிவெட்டிக்கொள்ளப் போனேன். என் தலையில் வெட்ட ஏதுமில்லை என்பது முடிதிருத்துபவருக்கும் தெரியும். மரியாதைக்குக் கத்தரியைக் காற்றில் ஓட்டினார். என்ன விசேஷம் என்று கேட்டார். மற்ற நாளாக இருந்தால், பறக்கும் மலை ஒன்று பாடிக்கொண்டே வருகிறது என்று ஆரம்பித்திருப்பேன். அன்றைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"பெருசா ஒண்ணும் இல்ல. சமன் நாளன்னைக்கு மேற்கால வேற ஒரு ஊரு மிதந்து போகும்னு நினைக்கிறேன். தூரத்துல, சின்னதா. தெரிஞ்சாலும் தெரியும், தெரியாமலும் போகும். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

கத்தரி நின்றுவிட்டது. வானத்தில் எங்களைப் போல இன்னும் சில ஊர்கள் மிதப்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் கண்ணால் கண்டதில்லை. இந்த வாய் இத்தனை சிறிதாகச் சொல்கிறது என்றால் உண்மையில் அது எத்தனை பெரிதாக இருக்க வேண்டும்! நான் வீடு வந்து சேருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. அதற்குள் அந்த ஊருக்குக் கோபுரமும் தோட்டமும் முளைத்திருந்தன. மாலைக்குள் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். வாழ்நாளெல்லாம் நான் பத்தால் பெருக்கினேன், அவர்கள் வகுத்தார்கள். ஒரே ஒருநாள் நான் வகுத்ததும் அவர்கள் பெருக்கினார்கள் பாருங்கள், அடடா.

சகலை தானே என்னைத் தேடி வந்தார். செய்தி உண்மையா என்றார். நான் பட்டும் படாமல் பேசினேன். எங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்றார்.

"உங்க கூடத்து மேற்குக் கண்ணாடிதான் சகலை. வேற எங்க இருந்து பார்த்தாலும் வெறும் புகைதான். ஆனா கண்டவங்களையும் உள்ள விடாதீங்க. அந்தக் கல்லுல நிக்க ஒரு தகுதி வேணாமா?"

விடாதே என்று சொன்னால் விட்டுக்காட்டுகிற ஆள் அவர். தகுதி என்று சொன்னேன் அல்லவா, அந்தத் தகுதியை ஊர் முழுக்கப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மறுநாளே அறிவிப்பு: சமன் நாள் விழா மேலாளர் வீட்டுக் கூடத்தில், அனைவரும் வருக. தட்டையும் உருண்டையையும் அங்கேயே கொண்டுவரச் சொன்னார். ஊரிலேயே மட்டமான தரை தன்னுடையதுதான் என்று அறிவிப்பில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அந்த வரியைப் படித்துவிட்டு நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன்.

அதே வாரம் கொழுந்தியாள் ஒரு பெட்டியோடு வந்தாள். அவளுடைய துணிமணி, நல்ல பாத்திரம், கல்யாணப் படம். படத்தில் சகலை இருந்த பாதியை மடித்து வைத்திருந்தாள். அவளே சொன்னாள்:

"அந்தக் கல்லத் துடைச்சுத் துடைச்சு என் முட்டி போச்சு அத்தான். நாற்காலியெல்லாம் மேற்குச் சுவரோரமா போட்டுடறேன்."

சமன் நாள் வந்தது. கிழக்கே எங்கள் தெருவில் ஓர் ஈ இல்லை. என் வீட்டில் நிலவிய அமைதியில் தண்ணீர்த்தொட்டி சொட்டுவது இடி மாதிரி கேட்டது. ஊரே சகலை வீட்டில் இருந்தது. பிரசவ வலியோடு ஒருத்தி வந்திருந்தாள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆகவே சொல்லவில்லை. கண்ணாடி ஓரத்தில் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றார்கள். சகலை நடுவில் நின்று பல் தெரியப் பேசினார். கல் எங்கிருந்து வந்தது, எப்படி மெருகேற்றினார்கள், காலணியைக் கழற்றியதற்கு நன்றி.

இறக்குவாசல் மேஸ்திரி தட்டை வைத்தார். வேண்டாத எடையை இரட்டைக் கதவு வழியே கீழே தள்ளுவது அவர் வேலை. எங்கள் அடுப்பைத் தள்ளியவரும் அவரே. அதற்குப் பிறகு நல்ல ரொட்டிக்கு நாக்கு செத்துக் கிடந்தவரும் அவரே. உருண்டையை மையத்தில் விட்டுக் கையை எடுத்தார்.

சரியாக அந்த நொடியில் நான் என் ஒலிபெருக்கிக் குரலில், "அதோ" என்றேன். அவ்வளவுதான். மிச்சம் மீதி நின்றவர்களும் மேற்கே பாய்ந்தார்கள்.

உருண்டை ஒரு கணம் யோசித்தது. பிறகு புறப்பட்டது பாருங்கள், மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்குப் போகிற வேகம். மேற்கு விளிம்பில் அது முட்டிய டங் சத்தம் என் பல்லுக்குள் இன்னும் இருக்கிறது.

சகலை தட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். அவர் மண்டைக்குள் உருண்டை அப்போதுதான் உருள ஆரம்பித்தது. கூட்டத்தால் சாய்ந்துவிட்டது, எல்லாரும் வெளியே போங்கள், மறுபடி விடலாம் என்றார். தட்டு சரியில்லை என்றார். தரை சரியில்லை என்று வாயைத் திறந்தவர், அறிவிப்பில் போட்ட வரி ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

கூட்டம் விலகி என் மனைவிக்கு வழிவிட்டது. அவள் நிதானமாக நடந்துவந்து அவர் முன்னால் நின்றாள். தன் முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

"உருண்டை காரணமெல்லாம் கேக்காது தம்பி."

மேஸ்திரி அதற்குள் கடப்பாரையைத் தேடிக்கொண்டிருந்தார். கொழுந்தியாள் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

கற்கள் போன காட்சியைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. ஆசை தீரவில்லை, இன்னொரு தடவை சொல்வேன், நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். என் மனைவி கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. சகலையின் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கல் இறக்குவாசலைத் தாண்டியதும் அந்தக் கை பழக்கத்தில் மேலே எழும்பப் பார்த்தது. அதன் மேல் கொழுந்தியாள் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டாள். என் மனைவியின் கை மட்டும் தனியாக உயர்ந்து நின்றது.

அந்த வேற்றூரைப் பற்றி யாரும் என்னிடம் குறைப்படவில்லை. எல்லாருமே பார்த்தார்களாம். முடிதிருத்துபவரின் மாமா அங்கிருந்து கையசைத்தாராம். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

புது அடுப்பு பழையதைவிட அகலம். அதற்கு ஈடாகத் தண்ணீர்த் தொட்டிகள் மேற்கே, சகலை தலைக்கு மேலே போய்விட்டன. வாசனை ஊரெல்லாம் நிறைகிறது, மேற்கே வெறுந்தகரத் தரை போட்ட கூடத்திலும் நிறைகிறது. மூச்சை அடக்கி எத்தனை நேரம்தான் இருப்பார்? ஒருநாள் சகலை வரிசையில் வந்து நின்றார். என் மனைவி முகம் மாறாமல் பெரிய ரொட்டியாக ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தாள். முள்ளைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, விரல் நுனியளவு கருகிய துண்டு ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"மேற்குப் பக்கம் இதுக்கு மேல தாங்காது தம்பி. அடுத்த ஆளு வாங்க."