கிபிர் என்று பேர் வாங்கிய மீன்கொத்தி

சும்மா சொல்லக்கூடாது, வலன்ரைனுக்கு வாய்க்கொழுப்புக் கொஞ்சம் அதிகம்தான். துறைமுகத்தில் கிளாக்கர் வேலை. லீவு நாள் வந்தால் கொட்டாஞ்சேனைக் கோயில் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குருவி பார்க்கக் கிளம்பிவிடுவான். அன்றைக்கு அத்திடியச் சதுப்புக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள்.

மீன்கொத்தி ஒன்று அந்தரத்தில் நின்று சிறகடித்துவிட்டு, தலைகீழாகத் தண்ணீரில் பாய்ந்தது.

“இது மீன்கொத்தி இல்லையடா, கிபிர்,” என்றான் வலன்ரைன்.

வன்னியில் குண்டு போடுகிற விமானத்தின் பேர் அது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பார்த்த குருவியின் பேர், நேரம், போன பக்கம் எல்லாம் கொப்பியில் எழுதுகிறவள் நாகமணி. அற்றன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து புடவைக்கடையில் நிற்கிற பெட்டை. வெளியூரிலிருந்து கொழும்புக்கு வந்து தங்குகிற தமிழர் பொலிஸில் பதியவேண்டும்; அவள் இன்னும் பதியவில்லை என்பது வலன்ரைனுக்குத் தெரியும். தெரிந்துதான் கூட்டிவந்தான். அவன் சொன்ன பேரையே அவள் முத்து முத்தாக எழுதினாள்.

ஒன்பது மணிக்கு றோட்டுக்கு ஏறினால், பொலிஸ் ஜீப் நிற்கிறது. பைனாகுலரையும் கொப்பியையும் வாங்கிக்கொண்டார்கள். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் சத்தமாக வாசித்தார்.

“கிபிர் ரெண்டு. ஆறு நாப்பது. ரத்மலானைப் பக்கம் போனது.”

ரத்மலானையில் இருப்பது விமானத்தளம்.

“எழுதினது யாரு?”

“நான்தாங்க சேர். அது குருவிங்க,” என்றாள் நாகமணி.

“குருவிக்குக் கிபிர் எண்டு யாரு பேர் வச்சது?”

அவள் வலன்ரைனை ஒருதரம் பார்த்தாள். அவன் ‘நான்தான்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். பாழாய்ப்போன வாய், அப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது.

“அதுவும் நான்தாங்க,” என்றாள்.

பொலிஸ்காரர் அவளிடம் பதிவுத்துண்டு கேட்டார். இல்லை. அவர் வலன்ரைன் பக்கம் திரும்பினார்.

“நீங்கதானே கூட்டிவந்தது? இந்தப் பிள்ளையைத் தெரியுமா?”

“இண்டைக்குத்தான் முதல்முதல் வந்தது. வடிவாத் தெரியாது.”

சொல்லிவிட்டான். இப்படி ஒரு பொய் இவ்வளவு லேசாகத் தன் வாயில் வருமென்று அவன் கனவிலும் நினைத்திருக்கவில்லை. நாகமணியை ஏற்றிக்கொண்டு ஜீப் போன பிறகும் அவன் திகைத்துப்போய் நின்றான்.

பஸ் வந்தது. அவன் ஏறி, பிள்ளைகளுக்கும் இடம் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். ஐந்து பேரும் கீழேயே நின்றார்கள்.

“நீங்கள் போங்கோ, அண்ணை,” என்றான் அவர்களில் ஒருவனான பேர்னாட். “நாங்கள் பொலிஸுக்குப் போறம்.”